“பெண்” என்று எழுதிய ஒரே ஒரு பெட்டி: கிளிநொச்சியில் நாடக உடுப்பு வாடகைக்கு எடுத்த அனுபவம்

கிளிநொச்சி நகரத்தில் நாடக உடுப்பு, பொய்முடி, சீன் திரை, மேக்கப் சாமான் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற ஓர் இடம் இருக்கிறது. மார்ச் 8 மகளிர் தின நிகழ்ச்சிக்கு எங்கள் மாதர் சங்கம் அங்கேதான் சாமான் எடுத்தது. கடையின் பெயரைப் போடவில்லை. சொல்லப்போகிற குறையில் பாதிதான் கடைக்காரருடையது, மீதிப் பாதி நாங்கள் காலங்காலமாகப் பார்த்து அழுத துயர நாடகங்களுடையது. அவ்வளவையும் ஒரு கடையின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

தகவல் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராசா உடுப்பு கிரீடத்தோடு ஒரு நாளைக்கு 2,500 ரூபா. பெண் வேட உடுப்பு 900 ரூபா, பொய்முடி அதற்குள் அடக்கம். அரண்மனைச் சீன் திரை 2,000, மேக்கப் பெட்டி 1,500. முற்பணமாக 5,000 கட்ட வேண்டும், சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது கழிவு போக மிச்சம் தருவார்கள். பற்றுச்சீட்டு கேட்டால்தான் எழுதுவார்கள், கேளுங்கள். ராசா, மந்திரி, எமன், முனிவர், வேடன் இப்படி வேடங்களுக்கு என்றால் யோசிக்காமல் போகலாம், நல்ல சாமான், சுத்தமாகத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறார்கள், ஜிகினா ஒன்றுகூட உதிரவில்லை. அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலை ஒட்டிய காலத்தில் கூத்துக்காரர் எல்லோரும் எடுத்துப் போய்விடுவார்கள், அந்தக் காலத்துக்கு ஒரு மாதம் முன்னமே சொல்லி வைக்க வேண்டும். பெண் பாத்திரங்களுக்காகப் போகிறவர்கள் மிச்சத்தையும் வாசியுங்கள்.

நாங்கள் 11 பேர். விசுவமடுவுக்கு அங்கால உள்ள ஒரு கிராமம். தோட்டம் செய்கிறவர்கள், ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய வெள்ளனப் பஸ் ஏறுகிறவர்கள், தையல் மெசினோடு வீட்டிலேயே இருக்கிறவர்கள், பாதிப் பேருக்கு மேல் தனியாகக் குடும்பத்தை இழுக்கிறவர்கள். இதற்கு முன் மேடை ஏறியவர்கள் இரண்டு பேர்தான், அதுவும் பள்ளிக்கூடத்தில். ஒவ்வொரு வருடமும் மகளிர் தினத்துக்குக் கோலப் போட்டி, தலைமை உரை, ஒரு நடனம் என்று முடித்துவிடுவோம். இந்த முறை என் மகளின் கொப்பியால் எல்லாம் மாறிவிட்டது. அவள் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள், கிரேக்க நாடகம் பாடத்தில் வருகிறது, இரவில் சத்தம் போட்டுப் படிப்பாள், நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கையில் இருந்த கரண்டியோடு வந்து “திருப்பி வாசி” என்றேன். மெடியா என்ற பெண் கொரிந்து நகரத்துப் பெண்களைப் பார்த்துப் பேசுகிற இடம் அது. நாங்கள் பெரும்பணம் கொடுத்துப் புருசனை வாங்க வேண்டியிருக்கிறது, வாங்கியவன் எங்கள் உடம்புக்கு எசமான் ஆகிறான், விட்டுவிட்டு வந்தால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர், அவனுக்கு வீடு சலித்தால் வெளியில் போய் மனதை ஆற்றிக்கொள்வான், நாங்கள் போருக்குப் போகாமல் வீட்டில் பத்திரமாக இருக்கிறோம் என்று சொல்கிறார்கள், ஒரு பிள்ளை பெறுவதைவிடக் கேடயத்தோடு மூன்று தரம் போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள். கிறிஸ்துவுக்கு முன் 431ஆம் ஆண்டு மேடையேறிய நாடகம். சீதனத்தைப் பற்றி இவ்வளவு நேராக எங்கள் ஊர் மேடையில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அப்படித்தான் நான்கு காட்சி எடுத்தோம். அரிச்சந்திரனில் சந்திரமதி, கோவலன் கதையில் கண்ணகி, கிரேக்கத்தில் மெடியா, அன்ரிகனி. எல்லாமே துயரக் கதை, எல்லாமே ஆண்கள் எழுதியது, எல்லாவற்றிலும் நடுவில் அடிபட்டு நிற்கிறவள் ஒரு பெண்.

சரி, கடைக்கு வருகிறேன். முன்பக்கம் சின்ன அறை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டில், அதற்குள் தகரப் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் வெள்ளைப் பெயின்ற்றால் பெயர். ராசா 1, ராசா 2, ராசா 3, மந்திரி, சேனாபதி, எமன், முனிவர், வேடன், செட்டி, காவலாளி, வெட்டியான். கடைசியில் சுவரோரம் ஒரு பெட்டி, அதில் “பெண்” என்று மட்டும். ராணியா, தாசியா, தாயா, மகளா, தெய்வமா என்று ஒன்றும் இல்லை. காவலாளிக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, மயானத்தில் நிற்கிற வெட்டியானுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, சந்திரமதிக்கும் கண்ணகிக்கும் மாதவிக்கும் சேர்த்து ஒரு பெட்டி.

திறந்து பார்த்தோம். சிவப்புச் சீலை ஒன்று, வெள்ளைச் சீலை மூன்று, தோளில் இருந்து இடுப்புவரை விரிந்து விழுகிற ஒரு பொய்முடி, கண்ணாடி வளையல், மஞ்சள் கயிற்றில் கோர்த்த பிளாஸ்ரிக் தாலி நான்கு. வளையல்களில் பாதி உடைந்தவை, மேடையில் உடைத்து அழுகிறதற்கென்றே வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த அக்கா ஒருத்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். வைத்து முடிந்ததும் நாங்கள் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. ஆண்களின் பெட்டியில் இருந்தவை ஆளுகிறதுக்கு, வேட்டையாடுகிறதுக்கு, தவம் செய்கிறதுக்கு, உயிர் எடுக்கிறதுக்குக்கூடத் தேவையான சாமான். எங்கள் பெட்டியில் இருந்தவை அழுகிறதுக்கும் தாலி அறுக்கிறதுக்கும் தேவையானவை. அந்த அக்காவின் புருசன் போய்ப் பதினேழு வருடம். வெள்ளைச் சீலையை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தது அவள்தான்.

அப்புறம் சட்டை. பெண் வேடத்துச் சட்டை எல்லாம் ஆண்களின் தோள் அளவுக்குத் தைத்தவை, நெஞ்சுப் பக்கம் ஸ்பொஞ் வைத்து உள்ளே தையல் போட்டிருக்கிறது. எங்களில் ஒருத்திக்கும் பொருந்தவில்லை. “அக்கா, பொம்பிளை வேசம் எண்டாலும் கட்டுறது ஆம்பிளையள்தானே, அவையின்ரை அளவுக்குத்தான் தைச்சிருக்கு” என்றார் கடைக்காரத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தில் கண்ணகியும் மாதவியும் வழிவழியாக ஆண்கள் கட்டிய வேடம், மயான காண்டத்துச் சந்திரமதியும் அப்படியே. கிரேக்கத்திலும் இதே கதைதான் என்று மகள் சொன்னாள். அங்கே முகமூடி போட்ட ஆண்களே எல்லா வேடமும், மெடியாவும் ஆண், அவள் கதையைக் கேட்கிற கொரிந்துப் பெண்களின் குழுவும் ஆண்கள். இங்கிலாந்தில் 1660வரைக்கும் பையன்களுக்குத்தான் பெண் வேடம், சேக்ஸ்பியரின் நாடகத்தில் ஓதெல்லோ மூச்சை அடைத்துக் கொல்கிற அவன் மனிசி டெஸ்டிமோனாவும் ஒரு பையன். ஆண் எழுதி, ஆண் நடித்து, பரிசு கொடுக்கிறதும் ஆண் என்று இருந்த ஒரு இடத்தில் பெண்ணின் துயரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு எடுத்திருக்கிறார்கள், அந்த அளவில்தான் இன்றைக்கும் சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள். பொருந்தாத சட்டைக்கு முதல் நாள் முழுக்கச் சட்டைப் பின் குத்தினோம். பெண்கள் குழுவாகப் போகிறீர்கள் என்றால் சட்டையை வீட்டில் இருந்தே கொண்டு போங்கள்.

பெரிய பிரச்சினை கிரீடத்தில் வந்தது. மெடியா அரசன் மகள், சூரியனின் பேத்தி, வேறு தேசத்தில் இருந்து புருசன் ஜேசனை நம்பி வந்தவள். தன் நாட்டுத் தங்க ஆட்டுத்தோலை அவன் கொண்டுபோக அவள்தான் வழி செய்தாள், அதற்காகச் சொந்த வீட்டையே பகைத்தாள். கொரிந்து அரசன் மகளைக் கட்டுவதற்காக அவன் இவளை விடுகிறான், அந்த அரசன் இவளையும் பிள்ளைகளையும் நாட்டை விட்டுப் போகச் சொல்கிறான். இவளுக்கு நாங்கள் வெள்ளைச் சீலை கட்டுவதாக இல்லை. ராசா 2 பெட்டியில் ஒரு சிவப்புப் பட்டு அங்கி இருந்தது, கிரீடமும் இருந்தது, இதைத் தாருங்கள் என்று கேட்டோம். தம்பியின் முகம் மாறிவிட்டது. “கிரீடம் பூசை வைச்சுக் குடுக்கிறது அக்கா, பொம்பிளையளின்ரை தலையிலை வைக்கிறேல்லை.” காசு கூடத் தருகிறோம் என்றோம். காசு பிரச்சினை இல்லையாம். மூன்று நாள் முன்னுக்குப் போய் முற்பணமும் கட்டியாயிற்று, பட்டியலையும் கொடுத்தாயிற்று, அப்போது ஒன்றும் சொல்லாதவர் நிகழ்ச்சிக்கு முதல் நாள் காலை சாமான் எடுக்க வந்து நிற்கும்போது இதைச் சொல்கிறார். இதுதான் நான் சேவைக்குக் குறைக்கிற முதல் புள்ளி.

அவருடைய தகப்பனார் பின்னால் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வயது 80க்குக் கிட்ட இருக்கும், முந்தி சீலை கட்டி ஆடியவர், சந்திரமதி என்றால் அவர்தான் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். “வைக்கட்டும்” என்றார். “நான் முப்பது வரியம் சீலை கட்டினனான். சீலைக்கு ஒண்டும் வரேல்லை. கிரீடத்துக்கு மட்டும் என்ன வரப்போகுது?” தம்பி பிறகு வாய் திறக்கவில்லை, கிரீடத்தை எடுத்துத் தந்தார். அந்த ஐயாவுக்கு எங்கள் எல்லோருடைய நன்றியும்.

அவருடனும் எங்களுக்கு ஒரு மல்லுக்கட்டு வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆசையோடு எழும்பி வந்து எங்களுக்கு நடை பழக்கினார். சீலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்து, இடுப்பைச் சரித்து, கண்ணை நிலத்தில் வைத்து, அடிமேல் அடி வைத்து நடந்து காட்டினார். அழகாகத்தான் இருந்தது, அவ்வளவு வயதிலும் முழங்கால் ஒரு துளி நடுங்கவில்லை. “இதுதான் பிள்ளையள் பொம்பிளை நடை” என்றார். எங்களில் ஒருத்தி, தினமும் ஐந்து மணிக்குத் தண்ணிக்குடம் தூக்குகிறவள், மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, நாங்கள் இப்பிடி நடக்கிறேல்லை.” அவர் கோபிக்கவில்லை. அவளை நடந்து காட்டச் சொன்னார், காட்டினாள், இன்னொரு தரம் நடக்கச் சொன்னார். பிறகு சொன்னார், தனக்கு அந்த நடையைச் சொல்லித் தந்தவர் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், அண்ணாவியாருக்கு அவருடைய அண்ணாவியார், அம்மாவையோ மனிசியையோ பார்த்துப் பழகவில்லை என்று. அந்த ஒரு வசனம் எனக்குள் இன்னும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஓர் ஆண் இன்னோர் ஆணுக்குப் பெண்ணைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான், பக்கத்தில் நின்ற பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் ‘கவிதையியல்’ என்ற நூலில் பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது, பெண்ணிலும் நல்லவள் இருக்கலாம், ஆனால் பெண் தாழ்ந்தவளாக இருக்கக்கூடும் என்கிறார், வீரமும் புத்திக்கூர்மையும் பெண் பாத்திரத்துக்குப் பொருந்தாது என்கிறார். மகள் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கி வைத்திருக்கிறாள். அவர் எழுதி இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் பிள்ளைகள் அதைப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி மேடையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், உடுப்பின் தரம் மேடையில்தானே தெரியும்.

சந்திரமதி முதலில். வெள்ளைச் சீலை நன்றாக விழுந்தது, கிழியவில்லை, லைற்றுக்கு உள்ளே தெரியவில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்தது. விசுவாமித்திரருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற அரிச்சந்திரன் மனிசியையும் பிள்ளையையும் விற்கிறான். பிள்ளை லோகிதாசனைப் பாம்பு தீண்டுகிறது, அவள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு வருகிறாள், அங்கே காவல் நிற்கிற புருசன் முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். பிறகு செய்யாத கொலைக்கு அவள் கழுத்தை வெட்டவும் அவனே வாளை ஓங்குகிறான். வாள் மாலையாகும், சாமி வரும், பிள்ளை எழும்பும். நான் எத்தனையோ தரம் பார்த்து அழுதிருக்கிறேன், இனியும் பார்த்தால் அழுவேன், அந்தப் பாட்டுகளுக்கு அந்த வலு இருக்கிறது. ஆனால் அந்த இரவு முழுக்கச் சனம் பரிதாபப்படுவது அரிச்சந்திரனுக்காக, பார், பொய் சொல்லாமல் எவ்வளவு தாங்குகிறான் என்று. விற்கப்பட்டவள் அவள். பிள்ளையைத் தனியே தூக்கி வந்தவள் அவள். அவளுக்கு ஒப்பாரி எத்தனையோ இருக்கிறது, ஒரு கேள்வி இல்லை. நாங்கள் வாள் ஓங்குகிற இடத்தில் நிறுத்தினோம். சந்திரமதி தலையை நிமிர்த்தி, “நீங்கள் சொன்ன சொல்லுக்கு என்னை ஏன் விலையாய்க் கொடுத்தீர்கள்?” என்று ஒரே ஒரு வரி கேட்டாள், திரை விழுந்தது. முன்வரிசையில் இருந்த இரண்டு பெரியவர்கள் எழும்பிப் போனார்கள். அரிச்சந்திரனைக் குறை சொல்லலாமா என்று அடுத்த நாள் சந்தியில் கதை நடந்ததாம். நடக்கட்டும்.

கண்ணகியைப் பற்றி இந்த மண்ணில் கவனமாகத்தான் எழுத வேண்டும். நந்திக்கடல் கரையில் வற்றாப்பளையில் அவள் தெய்வம். மதுரையை எரித்த பின் இங்கே வந்தாள், மாடு மேய்க்கிற பிள்ளைகளிடம் பேன் பார்க்கச் சொன்னாள், தலை முழுக்கக் கண் இருந்தது, கடல் தண்ணியில் விளக்கு எரிந்தது என்று அம்மம்மா சொல்லித் தந்ததை என் பிள்ளைக்கும் நான் சொல்லித் தந்திருக்கிறேன். அதே அம்மம்மா, அக்காவின் புருசன் குடித்துவிட்டு அடித்த நாட்களில், “கண்ணகி மாதிரிப் பொறுமையாய் இரு” என்றும் சொன்னா. இரண்டும் ஒரே வாயில் இருந்து வந்தது. இந்த நிகழ்ச்சிக்காகச் சிலப்பதிகாரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அவள் பொறுமையாக மட்டும் இருக்கவில்லை என்று. காசெல்லாம் தொலைத்துவிட்டு வந்த கோவலனுக்குச் சிரித்த முகத்தோடு “சிலம்பு உள கொண்ம்” என்று கொடுத்தவள்தான், ஆனால் பிறகு மதுரைக்கு வெளியே, அவன் கடைசியாகச் சாப்பிட்டு எழும்பிய பின், “போற்றா ஒழுக்கம் புரிந்தீர்” என்று அவன் முகத்துக்கே சொல்கிறாள். பெரியவர்கள் ஏற்காத நடத்தையை நீர் நடந்தீர் என்று. நான் சின்ன வயதில் பார்த்த எந்தக் கூத்திலும் இந்த வரி என் காதில் விழவில்லை. சிலம்பு கொடுத்தது விழுந்தது. மாதவி மயக்கினாள் என்பது நன்றாகவே விழுந்தது. இளங்கோ எழுதிய மாதவியோ மணிமேகலையைப் பெற்று, கோவலன் செத்த செய்தி கேட்டுத் துறவுக்குப் போனவள், அவளைக் குடிகெடுத்தவளாக்கினால் கோவலனின் பிழை குறைந்துவிடுகிறது. எழுதியவர் விட்டு வைத்த கொஞ்சத்தையும் ஆடுகிறவர்கள் வெட்டிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. நாங்கள் அந்த வரியை வைத்துத்தான் காட்சியைத் தொடங்கினோம், “தேரா மன்னா” பிறகு வந்தது. கண்ணகிக்குக் கடை தந்த சிவப்புச் சீலையும் சிலம்பும் மிகவும் தரமானவை, இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பொய்முடி மட்டும் மணத்தது, முந்தின நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.

மெடியா வந்தாள். கிரீடம் வைத்த ஒரு பெண் மேடையில் வந்து நின்றதும் பின்னால் இருந்த இளம்பெடியன்கள் கூச்சல் போட்டார்கள், சீதனத்தைப் பற்றிய வரி வந்ததும் அது அடங்கிவிட்டது. ஜேசன் வேடம் கட்டியதும் எங்களில் ஒருத்திதான். பிள்ளைகளை வேறு எங்கேயிருந்தாவது பெற முடிந்தால் நல்லது, பெண் என்ற இனமே இல்லாவிட்டால் ஆணுக்கு ஒரு கஷ்டமும் வராது என்று அவன் சொல்கிற இடத்தில் ஒரு வயதான அம்மா கூட்டத்துக்குள் இருந்து “உன்னைப் பெத்தது ஆரடா?” என்று கேட்டா, சபை முழுக்கக் கை தட்டியது. மெடியா பிள்ளைகளைக் கொல்வதை நாங்கள் காட்டவில்லை. அதைப் பற்றி எங்களுக்குள் இரண்டு பின்னேரம் சண்டை. ஒருத்தி சொன்னாள், இவ்வளவு நியாயம் பேசியவளைக் கடைசியில் பிள்ளைகொல்லி ஆக்கியது பெண் பேசினால் இப்படித்தான் முடியும் என்று பயம் காட்டத்தான் என்று. இன்னொருத்தி, இல்லை, அவளைத் தண்டிக்காமல் சூரியனின் தேரில் ஏற்றி அனுப்புகிறானே எழுதியவன் என்றாள். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. அதை எழுதிய யூரிப்பிடீசுக்கு அந்த வருட நாடகப் போட்டியில் மூன்று பேரில் மூன்றாம் இடம்தான் கொடுத்தார்கள்.

அன்ரிகனிக்குக் கடையில் எடுத்தது மிகக் கொஞ்சம், ஒரு வெள்ளைச் சீலையும் கிரியோனுக்கு ராசா 1 உடுப்பும். ஒரு கயிறும் தம்பி தந்தார், அவள் தூக்கில் சாகிறவள்தானே என்று. கிரேக்கத் துயர நாடகத்தில் பெண்களின் சாவு பெரும்பாலும் உள்ளே, சபைக்குத் தெரியாமல், பலருக்குக் கயிற்றில். அன்ரிகனி, யொக்கஸ்தா, பெத்ரா மூன்று பேருக்கும் அதுதான். யாராவது வெளியே வந்து செய்தி சொல்வார்கள். கயிற்றை அங்கேயே திருப்பிக் கொடுத்தோம். பார்க்க வருகிறவர்களில் அந்தத் துக்கம் தெரிந்த வீடுகள் உண்டு.

அன்ரிகனியின் இரண்டு அண்ணன்மார் சண்டையில் செத்துப் போகிறார்கள். ஒருவனுக்கு மரியாதையோடு அடக்கம், மற்றவனின் உடம்பை அப்படியே கிடக்க விட வேண்டும், தொட்டால் மரணம் என்பது அரசன் கிரியோனின் கட்டளை. தங்கச்சி போய் மண் போடுகிறாள். நாங்கள் பெண்கள், ஆண்களோடு மோதப் பிறக்கவில்லை என்று அவளின் சகோதரி இஸ்மீனி தடுக்கிறாள். நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பெண் என்னை ஆள மாட்டாள் என்கிறான் கிரியோன், அவனுக்குச் சட்டத்தைவிட அதுதான் பெரிதாகச் சுடுகிறது. இந்தக் கதையை இங்கே விளக்கத் தேவையில்லை. 2017 மாசி 20 தொடக்கம் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் இருந்தார்கள், எங்கள் சங்கத்திலும் அங்கே போய் இருந்தவர்கள் இருக்கிறார்கள். மண் எங்கள் வளவில் இருந்து ஒரு கடகத்தில் எடுத்துப் போனோம். அன்ரிகனி கை நிறைய அள்ளிப் போடும்போது சபையில் ஒரு சத்தம் இல்லை, பிறகு யாரோ ஒரு அம்மா, “முகத்தையும் மூடிவிடு பிள்ளை” என்றா. நடித்த பிள்ளை அழுதுவிட்டாள். அவளுக்கு அடுத்த வரி வரவில்லை, காத்திருந்தோம், பிறகு சொன்னாள்.

மேக்கப்பும் சீனும் பற்றி: பெட்டியில் ரோஸ் பவுடர் ஒரு நிறம்தான், எங்கள் முகத்துக்கு ஒத்து வராது, சொந்தப் பவுடர் போதும். அரண்மனைத் திரை 20 அடி, பெரிய மண்டபத்துக்குச் சரி, பொதுநோக்கு மண்டபத்துக்குக் கொஞ்சம் மடித்துக் கட்ட வேண்டும்.

சாமானை இரண்டு நாளுக்குப் பிறகு திருப்பிக் கொண்டு போனோம். பரந்தன் சந்தியால் போகிற ஓட்டோவுக்குத் தனிச் செலவு, அதையும் கணக்கில் வையுங்கள். வெள்ளைச் சீலையில் மண் கறை என்று 750 ரூபா கழித்தார்கள். ராசா அங்கியின் விளிம்பிலும் அதே மண் இருந்தது, அதைத் தட்டிவிட்டு மடித்து வைத்தார் தம்பி, அதற்கு ஒன்றும் கழிக்கவில்லை. நான் அதைக் காட்டினேன். சீலை தோய்க்கிறது கஷ்டம் என்றார். மிச்சம் 4,250 கையில் வந்தது. ஐந்துக்கு மூன்று போடுகிறேன். சாமானின் தரத்துக்கும் அந்த ஐயாவுக்கும் மூன்று. அளவு இல்லாத சட்டைக்கும், கடைசி நேரத்தில் கிரீடத்தை மறித்ததுக்கும் குறைத்தது இரண்டு. பெண்களின் அளவில் நாலைந்து சட்டை தைத்து வையுங்கள், எங்கள் சங்கத்திலேயே தைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அளவு எழுதிய துண்டை ஐயா வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஐயா பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் கடையில் இருப்பார், அந்த நேரம் பார்த்துப் போங்கள். முற்பணம் கட்டும்போதே கிரீடம் பெண்ணுக்குத்தான் என்று சொல்லிப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ராசா 2 கிரீடத்துக்கு உள்ளே இடது பக்கம் ஒரு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, நெற்றியைக் கீறும், ஒரு பழைய துணியை நாலாக மடித்து வைத்துவிட்டுத் தலையில் போடுங்கள்.